கொல்லைக்குக் கயிறு பிடித்த கதை

தென்னை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கயிற்றின் ஒரு நுனி என் கையில். மறு நுனி எங்கள் வீட்டு வாசலில், தெருவோரத்து எல்லைக் கல்லின் மேல், என் மாமியார் காத்தாயியின் கால் கட்டைவிரலுக்கு அடியில். நடுவே கயிறு வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி ஓடி, எருக்குழியைத் தாண்டி, பண்ணையின் வைக்கோல் போரை உரசி, தோப்புக்குள் நுழைந்து, இரண்டு தென்னைகளைக் கடந்து மூன்றாவது மரத்துக்கு வந்திருந்தது.

"அத்தே, தளர விடாதீங்க! நல்லா இழுத்துப் பிடிங்க!"

"இதுக்கு மேல இழுத்தா கயிறு வராது ஆயி, நான்தான் வருவேன்!" என்று வாசலில் இருந்து பதில் வந்தது.

கயிற்றில் நாற்பது முடிச்சுகள். ஒரு முடிச்சுக்கும் அடுத்ததற்கும் ஒரு கெஜம், அதாவது மூன்று அடி. நாற்பதாவது முடிச்சு அந்த மூன்றாவது மரத்தின் இடுப்பில் வந்து உட்கார்ந்தது. நூற்று இருபது அடி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் கொல்லை இவ்வளவு பெரியதா!

அப்போதுதான் தோப்பின் உள்பக்கத்தில் இருந்து செருப்புச் சத்தம் கேட்டது.

"யாருடி அது, மரத்தக் கட்டிக்கிட்டு நிக்கிறது?"

பண்ணையின் காரியக்காரர் வைத்திலிங்கம். தன் நிலம் எங்கெங்கே இருக்கிறது என்று பண்ணையாருக்கே சரியாகத் தெரியாது, இவருக்குத்தான் தெரியும். யாரை வேலைக்குக் கூப்பிடுவது, யாரை நிறுத்துவது எல்லாம் இவர் வாய் வார்த்தைதான்.

"கொல்லைய அளக்குறோம்ங்க" என்றேன்.

"எது கொல்லை?"

"இந்த மரம் வரைக்கும்ங்க. வேலி போடப் போறோம்."

அவர் கையில் இருந்த குடை கீழே விழுந்தது. கதைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே விழுந்தது, அதை எடுக்கவும் அவர் மறந்துபோனார்.

எதைப் பார்த்தாலும் அளப்பவள்

என் கல்யாணத்தன்று மாட்டு வண்டி குடை சாய்ந்த கதையைப் போன இதழில் படித்த ஒரு வாசகி, "அதற்குப் பிறகாவது நிம்மதியாக இருந்தீர்களா அம்மா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இல்லை தாயே. நிம்மதியாக இருந்திருந்தால் எழுத என்ன இருக்கப்போகிறது?

நான் குத்தாலத்துப் பெண். அப்பா கொத்தனார். சுவர் எடுக்கும் இடத்துக்கு அவருக்குச் சோறு கொண்டுபோய், நூல் குண்டு தொங்குவதையும் மட்டப் பலகை வைப்பதையும் பார்த்தே வளர்ந்தேன். எட்டாவது வரை படிப்பு. கணக்கில் நூற்றுக்கு எழுபத்திரண்டு. இந்த எழுபத்திரண்டைப் புகுந்த வீட்டில் நான் சொல்லாத நாள் கிடையாது. இந்த அத்தியாயத்தில் அதற்குத் தண்டனையும் வருகிறது.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் முருகையன் என்னைத் தாராசுரம் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கல் தேரையும் குதிரையையும் அவர் காட்டிக்கொண்டே போக, நான் மண்டபத்தை அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டே பின்னால் போனேன். பிரகாரத்தில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். "ஏ புள்ள, கோயில விலைக்கா வாங்கப் போற?" என்று கேட்டுவிட்டு அவர் வெட்கத்தில் பத்தடி தள்ளியே நடந்தார்.

இப்படிப்பட்டவள் வாழ வந்த இடத்தில் அளப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் வேடிக்கை.

கூரைத் தண்ணீர் விழும் இடம் வரைக்கும்

குடவாசலில் இருந்து சைக்கிளில் போனால் அரை மணி நேரம் எங்கள் ஊர். எங்கள் தெருவில் பதினொரு வீடு. பதினொன்றும் பண்ணையில் வேலை பார்த்தவர்களுடைய வீடுகள், பண்ணை நிலத்தில் கட்டியவை. முன்னால் தெரு. பின்னால் கொல்லை, அதற்குப் பின்னால் பண்ணையின் தென்னந்தோப்பு.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் வேலி என்பது ஒரு நில அளவு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். எங்கள் பண்ணையாருக்கு நாற்பது வேலி என்பார்கள். எங்கள் தெருவுக்கு எந்த வகை வேலியும் கிடையாது.

வேலி வைக்கக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. கூரை விளிம்பில் இருந்து மழைத் தண்ணீர் சொட்டும் கோடு வரைக்கும்தான் குடியிருப்பவனுக்கு என்பது வழக்கம். எறவாணம் வரைக்கும் என்பார்கள். அதற்கு அப்பால் பண்ணையின் வைக்கோல் போர் நிற்கும், வண்டி நிற்கும், மாடு நிற்கும். முன்பொரு முறை யாரோ கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்களாம். மறுநாளே அது பண்ணை வீட்டு அடுப்புக்குப் போய்விட்டதாம்.

காரியக்காரர் எங்கள் தெருவுக்குள் கால் வைத்ததே இல்லை. விடியற்காலையில் தோப்பு வழியாக வந்து பதினொரு கொல்லைகளுக்குள்ளும் வரிசையாக நடந்துபோவார். கையில் ஐந்து பேட்டரிக் கட்டை போட்ட டார்ச். "ஏ காத்தாயி, இன்னிக்கு நடவு", "டேய் முருகையா, வரப்பு வெட்டணும்" என்று கூப்பிட்டுக்கொண்டே போவார். என் மாமியார் "வந்தேன் ஆண்டே" என்று, எஜமானைக் கூப்பிடுவதுபோல், அரைத் தூக்கத்தில் ஓடுவார்.

வீட்டுப் பெண்கள் குளிப்பதும் அந்தக் கொல்லையில்தான். இரண்டு குச்சி நட்டு, பழைய புடவையைக் கட்டி, வெளிச்சம் வருவதற்குள் நாலு செம்பு ஊற்றிக்கொண்டு எழுந்துவிட வேண்டும்.

வந்த மூன்றாவது மாதம், ஒரு விடியற்காலை, நான் குளித்துக்கொண்டிருக்கும்போது அந்த டார்ச் வெளிச்சம் புடவையைத் தாண்டி என் மேல் விழுந்தது. தெரியாமல் விழுந்திருந்தால் உடனே திரும்பியிருக்கும். திரும்பவில்லை. நான் ஈரத் துணியை இழுத்துச் சுற்றிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குந்தினேன். காரியக்காரர் அடுத்த கொல்லைக்குப் போனார்.

அன்றைக்கு அழவில்லை. கோபம்தான் வந்தது, சாப்பிட முடியாத அளவு கோபம். மாமியாரிடம் சொன்னேன். அவர், "எனக்கும் நடந்திருக்கு ஆயி" என்றார்.

அன்று முடிவு செய்தேன். இந்தக் கொல்லைக்கு வேலி வேண்டும். வெள்ளரியும் அவரையும் போடுவதற்கு அல்ல. நின்று, நிதானமாக, சோப்புப் போட்டுக் குளிப்பதற்கு.

ஏழு சென்ட் காகிதம்

சென்னையில் ஆட்சி மாறி, சுவரெல்லாம் கறுப்பும் சிவப்புமாக இருந்த காலம். எங்கள் பக்கத்து வயல்களில் செங்கொடிச் சங்கம் வேறு. கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காகக் கிழக்கே குடிசையில் வைத்து மனிதர்களை எரித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். கூரை வேயும்போது மட்டும் யாராவது பெருமூச்சு விடுவார்கள்.

அந்த நேரத்தில்தான், குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்தது. எங்கள் தெருவுக்கும் பட்டா கிடைத்தது. பந்தல் போட்டு, மைக் வைத்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். மாமனார் இல்லாததால் எங்கள் வீட்டுப் பட்டா காத்தாயி பெயரில். ரேகை வைத்த மை விரலை அவர் மூன்று நாள் சரியாகவே கழுவவில்லை.

பட்டாவோடு ஒரு சின்ன வரைபடம். ஒரு கட்டம், கட்டத்தின் நீளப் பக்கத்தில் 120, அகலப் பக்கத்தில் 60, கீழே ஏழு சென்ட் என்று எழுதியிருந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரருக்குக் கையெழுத்து மட்டும் வரும்.

"நூத்தியிருவது அடி நீளம், அறுவது அடி அகலம்" என்று படித்துச் சொன்னேன்.

"அவ்வளவா?" என்றார் முருகையன்.

"கணக்குல எழுவத்திரெண்டு" என்றேன்.

காகிதத்தில் அடி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எண்களைப் பார்த்தால் அடி என்றுதானே தோன்றும்? கொத்தனார் மகளுக்கு வேறு என்ன தோன்றும்?

ராவுத்தர் கடைக் கெஜக்கோல்

வேலி நடுவதற்கு முன் அளக்க வேண்டும், அளந்தால்தான் நடுவதற்கு எத்தனை போத்துக் குச்சி, எத்தனை மூங்கில், எவ்வளவு கயிறு என்று தெரியும். அளக்க என்னிடம் என்ன இருந்தது? புதுக் கயிறு ஒன்று. அதை எடுத்துக்கொண்டு குடவாசல் ராவுத்தர் ஜவுளிக் கடைக்குப் போனேன். கல்யாணப் புடவை அவர் கடையில்தான் எடுத்தது.

துணி அளக்கும் இரும்புக் கெஜக்கோலை ஒரு பத்து நிமிஷம் தர முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்கும்மா? கயித்துக்குப் பாவாடை தைக்கப் போறியா?" என்றார் ராவுத்தர்.

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கோலை எடுத்துக் கொடுத்தார். கடைக்குள் நீளமாகக் கயிற்றை விரித்து, கெஜத்துக்கு ஒரு முடிச்சாக நான் போட்டுக்கொண்டு போக, அவரே மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வந்த வாடிக்கைக்காரர்கள் கயிற்றைத் தாண்டித் தாண்டி வந்தார்கள்.

"முடிச்சுப் போடப் போட நீளம் குறையும்மா. போட்டதுக்கு அப்புறம் இன்னொரு தரம் கோலை வச்சுப் பாத்துக்க. நனைச்சுடாத, சுருங்கிரும்" என்று சொல்லி அனுப்பினார். அந்த மனிதர் சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஆக, என் கயிற்றில் ஒரு குற்றமும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

வீட்டுத் தரையில் கரிக்கட்டியால் கொல்லையை வரைந்தேன். வீட்டுப் பின்சுவரில் இருந்து இரண்டு பக்கமும் தொண்ணூறு அடி, கடைசியில் குறுக்கே அறுபது. முழத்துக்கு ஒரு கிளுவைப் போத்து. கிளுவை வெட்டி நட்டால் துளிர்த்துக்கொள்ளும், உயிர்வேலியாக நிற்கும். மொத்தம் நூற்று அறுபது போத்து. நடுவே மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டி, குளிக்கும் மூலைக்கு மட்டும் தென்னங்கீற்று மறைப்பு.

"குளிக்கிற இடம் இங்க இருக்கட்டும்" என்று மாமியார் கரிக் கோட்டின் ஒரு மூலையில் விரலை வைத்தார். "தண்ணி அவரைப் பாத்திக்குப் போயிரும்."

"கல்லு போடணும் அத்தே. நின்னு குளிக்கிற மாதிரி பெரிய கல்லு."

முருகையன் மட்டும் தலையைச் சொறிந்தார். "சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்வோமே. வைத்திலிங்கம் சும்மா இருக்க மாட்டாரு."

"சங்கமா வந்து குளிக்கப் போவுது?" என்றேன். அன்றைக்கெல்லாம் என் வாய் அப்படி.

குத்தாலத்தில் இருந்து அப்பா ஒரு வண்டி கிளுவைப் போத்து அனுப்பினார். ஆடி கழிந்து, சம்பா நடவு தொடங்குவதற்கு முன் கிடைத்த நாலைந்து சும்மா நாட்களில் ஒன்றில் கயிற்றை எடுத்தோம்.

சங்கிலி வந்தது

இப்போது தென்னை மரத்துக்குத் திரும்புவோம்.

குடையை எடுத்துக்கொண்ட வைத்திலிங்கம் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மெதுவாகச் சிரித்தார்.

"இங்கேயே நில்லு. மரத்த விட்டுடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணையார் தன் நிலத்தை மாமன் மச்சான் பெயரில் எல்லாம் பிரித்துக்கொண்டிருந்தார். அதற்காகத் தாலுகாவில் இருந்து சர்வேயர் ஒருவர் இரண்டு நாளாகப் பண்ணை வீட்டில் தங்கி அளந்துகொண்டிருந்தார். அவரைத்தான் வைத்திலிங்கம் அழைத்து வந்தார். ஒல்லியான மனிதர், தொப்பி, வாயில் வெற்றிலை. பின்னால் இரும்புச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேர்.

சர்வேயர் பட்டாவைக் கேட்டார். காத்தாயி பால்பவுடர் டப்பாவில் இருந்து எடுத்துக் கொடுத்தார். சர்வேயர் வரைபடத்தைப் பார்த்தார், என் கயிற்றைப் பார்த்தார், மூன்றாவது தென்னையைப் பார்த்தார்.

"யாரும்மா அளந்தது?"

"நான்தாங்க."

"நூத்தியிருவது அடியா?"

"ஆமாங்க."

"இது அடி இல்லம்மா. லிங்க்ஸ்."

எனக்குப் புரியவில்லை. அவர் சங்கிலியின் ஒரு கண்ணியைத் தூக்கிக் காட்டினார். ஒரு சாணுக்கும் கொஞ்சம் குறைவு. இது ஒரு லிங்க்ஸ். நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அறுபத்தாறு அடி. சர்க்கார் வரைபடமெல்லாம் இந்தக் கணக்கில்தான். நூற்று இருபது லிங்க்ஸ் என்றால் எழுபத்தொன்பது அடி சொச்சம்தான்.

நாற்பது அடி கூடுதலாக அளந்திருக்கிறேன். பண்ணைத் தோப்புக்குள் நாற்பது அடி! பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. என் எழுபத்திரண்டு மதிப்பெண்ணும் அந்த இடத்தில் செத்துப்போனது.

வைத்திலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெருப் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினார். "எல்லாரும் வாங்கடா! வேலய விட்டுட்டு வாங்க! குத்தாலத்துக்காரி அளந்த அளவ வந்து பாருங்க!"

பதினொரு வீட்டு ஆட்களும் வந்து நின்றார்கள். முருகையன் ஓடி வந்து என் பக்கத்தில் நின்றார். என் கையில் இருந்த கயிற்று நுனியை வாங்கிக்கொண்டார்.

"அளங்க சார்" என்றார் வைத்திலிங்கம். "எல்லாருக்கும் தெரியிற மாதிரி அளங்க. எறவாணத்தத் தாண்டாது. எங்க தோப்புல வேலி போட வந்துட்டா!"

சர்வேயர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாசலுக்குப் போனார். தெருக் கல்லில் சங்கிலியின் ஒரு முனையை வைத்தார்கள். வீட்டை ஒட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். சங்கிலி சலசலவென்று மண்ணில் ஊர்ந்து வந்தது.

எறவாணத்தைத் தாண்டியது.

சங்கிலி பிடித்தவன் நிற்கவில்லை. எருக்குழியைச் சுற்றிக்கொண்டு வந்தான். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வந்தான். போரையும் தாண்டினான். அங்கேதான் ஒரு சங்கிலி முடிந்தது. ஒரு குச்சியைக் குத்தி, இன்னும் இருபது லிங்க்ஸ் இழுத்தார்கள். முதல் தென்னைக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது.

"இதான் எல்லை" என்றார் சர்வேயர். முளை அடித்தார்கள்.

எனக்குக் கணக்கு மெதுவாகத்தான் ஓடியது. மூன்று தென்னை போய்விட்டது, சரி. ஆனால் எருக்குழி எங்களுடையது. துவைக்கிற கல் எங்களுடையது. பண்ணையின் வைக்கோல் போர், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறதே, அது நிற்கும் தரையும் எங்களுடையது. இத்தனை வருடம் எறவாணம் வரைக்கும் என்று சொன்னதற்கு அப்பால் கிட்டத்தட்ட ஐம்பது அடி!

"சார், சார்" என்றார் வைத்திலிங்கம். "கூரை வரைக்கும்தான் சார் இங்க மாமூல்."

"மாமூலெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. வரைபடத்துல என்ன இருக்கோ அது. நீங்கதானே எல்லாருக்கும் தெரியிற மாதிரி அளக்கச் சொன்னீங்க?"

பண்ணை வீட்டுச் சாப்பாட்டை இரண்டு நாளாகச் சாப்பிட்ட மனிதர்தான். ஆனாலும் பதினொரு வீட்டுக்காரர்கள் கண்ணெதிரில் சங்கிலியைச் சுருக்கிக் காட்ட அவரால் முடியவில்லை. கூட்டத்தைக் கூட்டியது வைத்திலிங்கமேதான்.

முதலில் வாய் திறந்தது காத்தாயி. "சாமி, அப்படியே பக்கத்து வீட்டுக்கும் போட்டுருங்க."

அவ்வளவுதான். "எங்களுக்கும் சார்", "இந்தாங்க எங்க பட்டா" என்று டப்பாக்கள் திறக்கும் சத்தம். சர்வேயர் வானத்தைப் பார்த்தார். இன்று மறுத்தால் நாளைக்குத் தாலுகாவில் பத்து மனு வந்து நிற்கும் என்று அவருக்குத் தெரியும். மதியச் சாப்பாடு ஆறிப்போக, பதினொரு மனைக்கும் முளை அடித்துவிட்டுத்தான் போனார்.

நான் மறுபடியும் சிரித்தேன். இந்த முறை அடக்கவே இல்லை.

முருகையன் பேசினார்

மறுநாள் போரைப் பிரித்து எடுக்க ஆள் வேண்டும் என்று வைத்திலிங்கம் சொல்லியனுப்பினார். ஆள் என்றால் எங்கள் தெரு ஆண்கள்தான், வேறு யார்? எல்லோரும் போய் நின்றார்கள். எப்போதும் பின்வரிசையில் நிற்கும் என் வீட்டுக்காரர் அன்று முன்னால் வந்தார்.

"போரு எங்க மனைல நிக்குதுங்க. எடுக்கிறதுக்கு வழக்கமான கூலி குடுத்துடுங்க. இத்தன வருசம் நின்னதுக்கு நாங்க ஒண்ணும் கேக்கல" என்றார்.

கல்யாணமாகி அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று சாயங்காலம் அவருக்குக் கூடுதலாக ஒரு முட்டை பொரித்து வைத்தேன்.

"வேலி வச்ச வீட்டுக்கு நடவு கிடையாது" என்று வைத்திலிங்கம் மிரட்டியும் பார்த்தார். ஆனால் பதினொரு வீடும் வேலி வைப்பதாக இருந்தது. பதினொரு வீட்டுப் பெண்களையும் நிறுத்திவிட்டு, நாற்பது வேலி சம்பாவை யாரை வைத்து நடுவார்?

பின்னால் நடந்து நட்ட வேலி

கணக்கை மறுபடி போட்டேன், இந்த முறை மூன்று தடவை. தொண்ணூற்றிரண்டு போத்து போதும். மிச்சம் அறுபத்தெட்டும் பக்கத்து வீடுகளுக்குப் போயின. மற்றவர்கள் வாய்க்கால் கரையில் வெட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்தடுத்த மனை என்பதால் நடுவில் இருவருக்கும் ஒரே வேலி, தோப்பு ஓரமாகப் பதினொரு வீட்டுக்கும் ஒரே நீள வரிசை.

தோப்போர வரிசையை நட்டது பெண்கள். முளைக்கு முளை என் கயிற்றைக் கட்டினேன். ஆண்கள் கடப்பாரையால் குழி போட்டுக்கொண்டே போனார்கள். பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து, போத்தை ஊன்றி மிதித்து, ஒரு எட்டு பின்னால் வைத்து, அடுத்ததை ஊன்றினார்கள். நாற்று நடும்போது பின்னால் பின்னால் போய்த்தான் பழக்கம். வேலிக்கும் அப்படியே போனார்கள். வரிசை ஒரு விரல் அளவுகூடக் கோணவில்லை. நடவில் போடுகிற குலவையையும் போட்டார்கள். தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவன் மரத்து மேலிருந்தே எட்டிப் பார்த்தான்.

கடைசி வீட்டுக் கடைசிப் போத்தை ஊன்றி எல்லோரும் நிமிர்ந்த பிறகுதான் முருகையன் கேட்டார்.

"படல் எங்க வைக்கிறது?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படல் வைத்து உள்ளே வர வழி விட வேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை. நடவில் சந்து விட்டால் வைத்திலிங்கம் வரப்பில் நின்று கத்துவார் என்று இருபது முப்பது வருடமாகச் சந்து விடாமல் நட்ட கைகள். அந்தக் கைகள் தோப்போரம் முழுக்க, பதினொரு கொல்லைக்கும், ஓர் ஆள் நுழைய இடமில்லாமல் நட்டு முடித்திருந்தன. எல்லாவற்றையும் அளந்த நானும் அதை மறந்திருந்தேன். எழுபத்திரண்டு மார்க்!

"ரெண்டு போத்தைப் புடுங்கிடலாம்" என்று முருகையன் குனிந்தார். "எருவ எப்படி உள்ள கொண்டாறது?"

"கைய எடுடா" என்றார் காத்தாயி. "என் பேருல இருக்கிற மனை. ஒண்ணையும் புடுங்கக் கூடாது. எரு தெருவு வழியா வரட்டும்."

அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. முருகையன் கையை எடுத்துக்கொண்டார். மற்ற வீடுகளிலும் யாரும் பிடுங்கவில்லை. மூங்கில் பிளாச்சை வைத்துக் கட்டினோம். குளிக்கும் மூலைக்குக் கீற்று முடைந்து மறைத்தோம். அப்பா அனுப்பியிருந்த பெரிய கல்லைப் புரட்டிப் போட்டோம்.

சம்பா நடவின் முதல் நாள்

சில நாள் கழித்து, விடியற்காலை. நான் கல்லின் மேல் நின்று குளித்துக்கொண்டிருந்தேன். நின்றுகொண்டு. மேலெல்லாம் சோப்பு நுரை. மாமியார் செங்கல் பொடியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

தோப்புக்குள் டார்ச் வெளிச்சம் வந்தது. கீற்றின் மேல் விழுந்தது. உள்ளே வரவில்லை. இடது பக்கம் போனது, வலது பக்கம் போனது. வேலி ஓரமாகவே கடைசி வீடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நான் இன்னொரு செம்பு ஊற்றிக்கொண்டேன்.

"ஏ காத்தாயி!" வைத்திலிங்கத்தின் குரல். "வழி எங்க விட்டிருக்கீங்க?"

என் மாமியார் உடனே ஓடவில்லை. வாய் கொப்பளித்தார். துப்பினார். மறுபடி கொப்பளித்தார்.

"வாசல் தெருப் பக்கம் இருக்குதுங்க. அப்படிச் சுத்தி வாங்க" என்றார். அந்தப் பழைய ஆண்டே அவர் வாயில் வரவில்லை.

தோப்பில் இருந்து எங்கள் தெருவுக்கு வர வேண்டுமென்றால் வாய்க்கால் மதகைத் தாண்டி, களத்து மேட்டைச் சுற்றி, தெருக்கோடியில் நுழைந்து, ஒவ்வொரு வீட்டு வாசலாகக் கடந்து வர வேண்டும். எங்கள் வீடு ஏழாவது. அவர் வந்து சேர்வதற்குள் நான் குளித்து முடித்து, தலை துவட்டி, புடவை மாற்றி, பொட்டு வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தேன். நன்றாக விடிந்துவிட்டது. ஆறு வீட்டு வாசல்களிலும் ஆட்கள் நின்று, தங்கள் தெருவில் முதல் முறையாக நடந்து வரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வாசலில் வந்து நின்றார். செருப்பெல்லாம் மதகுச் சேறு.

"யாரப் பாக்கணும்ங்க?" என்று கேட்டேன்.